மாமா அனுப்பிய ஜிப் ஃபைல்

வெள்ளி, இரவு 8:40

மாமா: எல்லாரும் இதைக் கேளுங்கள். நேற்று வந்த ஆல்பம். 9 பாட்டையும் ஒரே ஜிப்பில் போட்டிருக்கிறேன். விளம்பரத் தொல்லை கிடையாது, நெட் இல்லாவிட்டாலும் ஓடும்.

சித்தி: இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் அண்ணா. ரொம்ப நன்றி.

தம்பி: மாமா, ஒலித் தரம் 320 kbps-ஆ 128-ஆ?

மாமா: 320தான்டா. உன் காலேஜ் குரூப்பிலும் போட்டு விடு.

நான்: தம்பி, இப்போதைக்குப் போடாதே. மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஃபைலை எடுத்துவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து சொந்தக் காசைப் போட்டு வெளியிட்ட ஆல்பம் அது. பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. எல்லா மியூசிக் ஆப்பிலும் இருக்கிறது, சிலவற்றில் விளம்பரத்தோடு கேட்டால் இலவசம்தான். லிங்க் இதோ போடுகிறேன்.

மாமா: ஏம்மா, நான் என்ன விற்கவா செய்தேன்? வீட்டு ஆட்கள் கேட்கட்டும் என்று அனுப்பினேன். நாலு பேர் காதில் விழுந்தால் அவர்களுக்கும் பெயர் கிடைக்கும்தானே.

அம்மா: அவள் சொல்வதை முழுசாகக் கேளுடா.

நான்: வீட்டுக்குள் போட்டுக் கேட்பதைப் பற்றி நான் பேசவில்லை மாமா. ஃபைல் நம்மோடு நிற்பதில்லை, அதுதான் சங்கடம். தம்பி காலேஜ் குரூப்பில் போட்டால் அங்கிருந்து எத்தனை குரூப்புக்குப் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம்தான் உயிர். அந்த நாட்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த மேடை கிடைக்கிறது, அடுத்த ஆல்பத்துக்குப் பணம் போட ஆள் வருகிறது. நம் ஜிப்பை ஆயிரம் பேர் நூறு தடவை கேட்டாலும் அந்தக் கணக்கில் ஏறாது. அவர்கள் பாட்டு ஊரெல்லாம் ஓடும், ஆனால் யாருமே கேட்கவில்லை என்று அவர்களே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான்: நான் ஸ்டுடியோவில் வயலின் வாசிக்கிறவள், உங்களுக்குத் தெரியும். வாசித்த அன்றைக்கே சம்பளம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இந்த ஜிப்பால் என் கைக்கு ஒரு காசு கூடவோ குறையவோ போவதில்லை. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அப்படி இல்லை. அவர்களுக்கு வர வேண்டியது பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அண்ணன்: சட்டப்படியும் தப்புதான் மாமா. அமெரிக்காவில் ஒரு பெண்மணி 24 பாட்டைப் பகிர்ந்ததற்கு 2,22,000 டாலர் கட்டச் சொல்லிக் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது.

நான்: அந்த வழக்கை வைத்து மாமாவைப் பயமுறுத்தாதே அண்ணா. ஒரு தனி ஆள் மேல் அவ்வளவு பெரிய தொகையைச் சுமத்தியது எனக்கே அநியாயமாகத்தான் படுகிறது. பாட்டுக் கேட்கிறவரை மிரட்டி எந்தப் பாடகரும் நல்லா இருக்க முடியாது. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து நிறுத்துவதில் என்ன இருக்கிறது? அவர்கள் வேண்டாம் என்று நினைப்பதை நாம் செய்கிறோமா, இல்லையா? நான் கேட்பது அவ்வளவுதான்.

தம்பி: அக்கா, ஒன்று கேட்கிறேன். ஜனங்கள் ஒருவருக்கொருவர் பாட்டை இலவசமாகப் பகிர்ந்த நாப்ஸ்டர் மாதிரி ஒன்று வராமல் இருந்திருந்தால் கம்பெனிகள் நெட்டில் பாட்டே கொடுத்திருக்காது. 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. 2001-ல் கோர்ட் மூலமாக மூட வைத்தார்கள். காசுக்குப் பாட்டு விற்கும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2003-ல்தான் வந்தது. ஜனங்கள் பகிர்ந்ததால்தானே வழியே பிறந்தது?

நான்: அதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு பாட்டு வேண்டும் என்றாலும் முழு சிடி வாங்கு என்றார்கள் அன்றைக்கு. நெட்டில் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் உருப்படியான இடம் கிடையாது. கேட்க ஆசைப்பட்டவன் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வராது. ஆனால் இன்றைக்கு அந்த நிலைமை இல்லையே. மாமா ஜிப்பைத் தேடி டவுன்லோடு செய்து, சேர்த்து, அனுப்பிய நேரத்தில் அந்த ஆல்பத்தை ஆப்பில் ஒரு தடவை முழுசாகக் கேட்டிருக்கலாம்.

மாமா: ஆப்காரன் மட்டும் அவர்களுக்கு வாரி வழங்குகிறானா? பேப்பரிலேயே எழுதுகிறார்கள், பாடகர்களுக்கு ஒன்றும் போவதில்லை என்று.

நான்: இது நல்ல கேள்வி மாமா. எனக்கும் இதில் ரொம்ப வருத்தம் உண்டு. பெரும்பாலான ஆப்களில் எல்லார் சந்தாவும் ஒரே பானைக்குள் போகிறது. நாட்டில் மொத்தம் எத்தனை தடவை பாட்டுகள் ஓடின, அதில் யாருடையது எத்தனை என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். மாதம் முழுக்க நீங்கள் இந்த நான்கு பேரை மட்டும் கேட்டாலும், உங்கள் சந்தாவில் பெரும் பகுதி நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத நட்சத்திரங்களுக்குத்தான் போகும். இது மாற வேண்டும். ஆனால் கொஞ்சமாகக் கொடுக்கிறான் என்பதற்காக நாம் ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது அவர்களுக்கு எப்படி உதவும்? பிடித்திருந்தால் அவர்கள் தளத்தில் ஆல்பத்தை நேராக வாங்குங்கள். அதில்தான் அவர்கள் கைக்கு அதிகம் போகும். ஃபைலும் உங்களிடமே இருக்கும், நெட்டும் வேண்டாம், விளம்பரமும் வராது.

அண்ணன்: நம் சட்டத்திலும் இதற்காகவே ஒரு திருத்தம் வந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். அதற்கு முன்னால் சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் மொத்த உரிமையையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. இப்போது தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக மற்ற இடங்களில் வரும் ராயல்டியில் அவர்கள் பங்கை யாரும் எழுதி வாங்க முடியாது.

நான்: அந்தத் திருத்தம் வருவதற்குள் எத்தனை பேர் ஒன்றும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்!

இரவு 9:15

நான்: மாமா, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஜிப்பைப் பிரித்து 3-வது பாட்டின் விவரத்தைத் திறந்து பாருங்கள். பாடியவர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

மாமா: ஏதோ வெப்சைட் பெயர் இருக்கிறது.

நான்: ஆல்பம்?

மாமா: அதிலும் அதே வெப்சைட்தான். படம் வருகிற இடத்திலும் அவன் விளம்பரம்.

நான்: பாட்டு எழுதியவர்?

மாமா: காலியாக இருக்கிறது.

நான்: இதுதான் மாமா எனக்குப் பணத்தைவிடப் பெரிசாகத் தெரிகிறது. வாய்ஸ் கொடுத்தவள், எழுதியவர், தபலா வாசித்தவர் எல்லாரையும் துடைத்துவிட்டு, திருடிப் போட்டவன் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். நாம் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறோம். ஆனால் அனுப்புவது அவன் விளம்பரத்தை.

நான்: 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடியதை கிராமபோன் கம்பெனிக்காரர்கள் பதிவு செய்தார்கள். பாட்டு முடிந்ததும் 'என் பெயர் கௌஹர் ஜான்' என்று அவரே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், ஹானோவரில். அங்கே இருக்கிறவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. மூன்று நிமிஷம்தான் கிடைக்கும், அதிலும் பெயர் சொல்ல நேரம் ஒதுக்கினார்கள். இப்போது ஒரு ஃபைலுக்குள் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுத இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

சித்தி: இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அப்போது பாரதியார் பாட்டு? அதை அனுப்பவும் யாரையாவது கேட்க வேண்டுமா?

நான்: பாரதி எழுதியதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம் சித்தி. 1949-ல் அரசாங்கமே அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. யாரும் பாடலாம், அச்சடிக்கலாம். ஆனால் போன வருடம் ஒருவர் அதற்குப் புது மெட்டுப் போட்டு, ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்தார் என்றால், அந்த மெட்டும் அந்தப் பதிவும் அவருடையதுதான். பாட்டு பொது, பதிவு தனி.

தம்பி: சில பேர் அவர்களாகவே இலவசமாக விடுகிறார்களே அக்கா. ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து இசைக்குழு 2007-ல், 'உனக்கு எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு கொடு' என்று ஒரு முழு ஆல்பத்தையே தங்கள் தளத்தில் போட்டார்கள்.

நான்: அப்படி விட்டால் அள்ளிக்கொள், பகிரலாம் என்றும் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் அனுப்பு, தப்பே இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போடுகிறவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள், பகிரலாம் என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், பெயரைப் போடச் சொல்வார்கள், சிலர் வேறு நிபந்தனையும் வைப்பார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். நாம் எடுத்துவிட்டு, 'உங்களுக்கு நல்லதுக்குத்தான்' என்று சொல்லக் கூடாது.

தாத்தா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியில் இருக்கிற பழைய இசைத்தட்டை என்ன செய்வது? 1952-ல் வந்தது. எந்தக் கடையிலும் இல்லை, எந்த ஆப்பிலும் இல்லை. பேரனை விட்டுத் தேடச் சொன்னேன். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நாலு பேருக்கு அனுப்பினால் அதுவும் தப்பா?

நான்: அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன் தாத்தா. இந்த ஆல்பத்தை ஒரு விரல் தட்டினால் கேட்கலாம். உங்கள் தட்டு உடைந்தால் ஒருவேளை அந்தக் குரலே உலகத்தில் இல்லாமல் போகலாம். அரக்குத் தட்டு, கை தவறினால் போச்சு. கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பவும் முடியாது. 2008-ல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோ தீயில் மாஸ்டர் டேப்கள், அதாவது மூலப் பதிவுகள், எரிந்தன. எவ்வளவு போனது என்று வெளியில் பெரிதாகப் பேச்சு வந்தது 2019-ல். உங்களை மாதிரிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர்களால்தான் பல பதிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அண்ணன்: ஆனாலும் 2023-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தின் மேல் பெரிய கம்பெனிகள் வழக்குப் போட்டன. நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை, தாத்தாவுடையது மாதிரி, டிஜிட்டல் ஆக்கி நெட்டில் வைத்ததற்காக.

நான்: ஆமாம். அதில் என் மனசு ஆர்க்கைவ் பக்கம்தான். அந்தப் பட்டியலில் கம்பெனிகள் இப்போதும் விற்கிற பிரபலப் பாட்டுகளும் இருந்தன, அவர்கள் கோபம் அங்கே புரிகிறது. ஆனால் யாருமே விற்காத, யாருமே கேட்காத தட்டுகளை எடுத்து வைத்தவர்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

தாத்தா: என் தட்டுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

அண்ணன்: தாத்தா, நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளிவந்ததிலிருந்து 60 வருடம். 1952 என்றால் 2012-ஓடு முடிந்தது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு, எழுதியவர் காலமாகி 60 வருடம் ஆக வேண்டும். தட்டில் என்ன பாட்டு?

தாத்தா: ஒரு பக்கம் 200 வருடத்துக்கு முந்தைய கீர்த்தனை. மறுபக்கம் அந்தக் காலத்தில் புதிதாக எழுதின பாட்டு. எழுதியவர் 1984-ல்தான் தவறினார்.

அண்ணன்: அப்படியென்றால் கீர்த்தனைப் பக்கத்தைத் தாராளமாக அனுப்பலாம். மறுபக்கத்தின் வரிகளுக்கு 2044 முடியும் வரை உரிமை இருக்கிறது.

தாத்தா: ஒரே தட்டில் ஒரு பக்கம் பொது, ஒரு பக்கம் தனியா!

நான்: இரண்டு பக்கத்தையும் பதிவு செய்து பத்திரப்படுத்துவோம் தாத்தா, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கீர்த்தனையை இங்கே போடலாம். மறுபக்கத்துக்கு எழுதியவர் குடும்பத்தைக் கேட்போம். அவர்களிடமே அந்தப் பாட்டு இல்லாமல் இருக்கலாம், சந்தோஷப்படுவார்கள். தயவுசெய்து பின்னால் வந்த எல்பி தட்டுக்கான சாதாரண ஊசியை வைத்து ஓட்டிவிடாதீர்கள். 78-க்கு அகலமான ஊசி வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல்தான் வரும். நான் ஸ்டுடியோவில் கேட்டு ஏற்பாடு செய்கிறேன்.

இரவு 10:02

மாமா இந்த மெசேஜை நீக்கினார்

மாமா: எடுத்துவிட்டேன். ஆனால் எனக்கு முழுசாக ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்க முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டே கேட்கக் கூடாதா?

நான்: கேட்கட்டும் மாமா. இந்த ஆல்பம் இலவசமாகவே கேட்கக் கிடைக்கிறது என்பதால்தான் இதில் பிடிவாதமாக நின்றேன். எந்த வழியும் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளை நண்பனிடம் வாங்கிக் கேட்டால் அவனைத் திருடன் என்று சொல்ல என் நாக்குக் கூசும். வழி இருக்கிற நாமும் அவனும் ஒன்றா? நாம் அவன் பெயரைச் சொல்லி ஒதுங்கக் கூடாது.

மாமா: ஆபீஸ் குரூப்பிலும் போட்டிருந்தேன். அங்கே ஏற்கெனவே பாதிப் பேர் இறக்கிவிட்டார்கள்.

நான்: அது போனது போனதுதான். அங்கே லிங்க்கைப் போட்டு, பாடியவர்கள், எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பிடித்தவர்கள் அதில் போய்க் கேட்பார்கள். முழு விவரமும் ஆல்பம் பக்கத்திலேயே இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்.

மாமா: சரி, அனுப்பும்மா. போடுகிறேன்.

சித்தி: எனக்கும் அந்த லிங்க் இன்னொரு தடவை. மேலே போய்விட்டது.

தாத்தா: தட்டின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பாடியவர் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது. வயலின், மிருதங்கம் யார் என்று போடவில்லையே.

நான்: அந்த நாளில் பக்கவாத்தியத்தைப் பெரும்பாலும் போட மாட்டார்கள் தாத்தா. பாடியவர் மகள் இருக்கிறார் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்களே, அவருக்குத் தெரிந்திருக்கலாம். நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். பேசிவிட்டுப் பெயர்களை ஃபைலிலேயே எழுதி வைக்கிறேன், அதற்கு அப்புறம் அனுப்பலாம்.