கொச்சியில் கைடோடு சைக்கிள் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா, நாமே சுற்றிக்கொள்ளலாமா?

மண்டிக்காரன், ஈரோடு

எல்லாருக்கும் வணக்கமுங்க. புது மஞ்சள் வரத்து ஆரம்பித்துவிட்டால் மண்டியை விட்டு நகர முடியாது, அதனால் அதற்கு முன்னாடி டிசம்பரில் குடும்பத்தோடு கொச்சி போய்விட்டு வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு, அப்புறம் மாமனார். வெள்ளி, சனி இரண்டு நாள். பொண்ணு எங்கேயோ பார்த்துவிட்டு, ஃபோர்ட் கொச்சியில் கைடு கூட வர சைக்கிளிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், அதில்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கு என்ன யோசனை என்றால், சைக்கிள் மிதிக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு முன்னாடி ஒரு ஆள்? வாடகைக்கு எடுத்து நாமே சுற்றினால் ஆகாதா? வீட்டுக்காரம்மா ஸ்கூட்டி நன்றாக ஓட்டுவாங்க, சைக்கிள் பள்ளிக்கூடத்தோடு சரி. மாமனாருக்கு முட்டி வலி, அவரை எங்கே உட்கார வைப்பது என்றும் தெரியவில்லை. போய்வந்தவங்க யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்க.

பனியன் ரவி, திருப்பூர்

அண்ணா, சைக்கிளை விடுங்க, முதலில் தேதியை மாற்றுங்க. ஃபோர்ட் கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அதனால் யூதத் தெருவில் இருக்கிற பரதேசி ஜெப ஆலயம் திறக்காது, அது வெள்ளி மதியத்துக்கு மேலேயே கதவைச் சாத்திவிடும். ஆக நீங்கள் போகிற இரண்டு நாளும் அந்தப் பக்கம் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். சரி ஞாயிறு போகலாம் என்றால், காலையில் சர்ச்சுகளில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், பஜார் ரோட்டில் கிடங்குகளும் சாத்தியிருக்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் போட்டுக்கொள்ளுங்க. சைக்கிள் சுற்றுலா நடத்துகிறவர்கள் எந்தக் கிழமை என்றாலும் வாங்க வாங்க என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கென்ன, வெளியில் நின்று கதவைக் காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போவார்கள்.

இன்னொன்று, டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்க. ஃபோர்ட் கொச்சியில் அப்போது கார்னிவல் நடக்கும், 31ஆம் தேதி ராத்திரி பாப்பாஞ்சி என்று ஒரு பெரிய தாத்தா பொம்மையை எரிப்பார்கள், அந்த நாட்களில் அங்கே சைக்கிள் இருக்கட்டும், நடக்கவே இடம் கிடைக்காது.

வெறுங்கால் பயணி, பொள்ளாச்சி

கைடு தேவையே இல்லை என்பது என் கட்சி. ஃபோர்ட் கொச்சி சின்ன ஊர், மேடு பள்ளம் கிடையாது, ஆழியாறு ரோட்டில் மிதிக்கிற நமக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நிறைய ஹோம்ஸ்டேக்காரர்களே சைக்கிள் வாடகைக்குத் தருகிறார்கள். காலையில் ஆறு மணிக்கு எடுத்தால் கடற்கரை நடைபாதைப் பக்கம் போய்ச் சீன வலையைப் பார்க்கலாம், பிரின்சஸ் தெருவில் ஒரு சுற்று, பரேடு மைதானம், புனித பிரான்சிஸ் சர்ச், சாந்தா குரூஸ் பசிலிக்கா, டச்சுக் கல்லறை, எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சரித்திரம் வேண்டுமென்றால் போனில் இருக்கிறது.

போன தடவை கைடு வைத்துப் போன என் மச்சான் கதையைச் சொல்கிறேன். மூன்று மணி நேரச் சுற்றில் பாதி நேரம் ஒரு மசாலாக் கடையிலும் ஒரு கைவினைக் கடையிலும் உட்கார வைத்துவிட்டார்களாம். ஏலக்காய் வாங்கு, சந்தன எண்ணெய் வாங்கு என்று. அதில் கைடுக்குக் கமிஷன். இதற்கா காசு கொடுத்துக் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து போவது?

உடுமலைக்காரி, இப்போது எர்ணாகுளத்தில்

வெறுங்கால் பயணி தம்பி சொல்வதில் பாதிதான் சரி. கடற்கரை ஓரம் மட்டும் பார்க்க கைடு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன இடமெல்லாம் ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மட்டாஞ்சேரிப் பக்கம் அவர் வண்டியைத் திருப்பவே இல்லை. கொச்சி துறைமுக ஊர் என்பது தெரிவதே அங்கேதான்.

நான் இங்கே குடிவந்த பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தச் சைக்கிள் சுற்றுக்கு அனுப்பிவிடுவேன், சில சமயம் கூடவே போவேன். நல்ல கைடு என்றால் ஏழு மணிக்கு முன்னால் கிளப்பிவிடுவார். முதலில் சீன வலை. தூரத்திலிருந்து போட்டோ எடுத்துவிட்டு வருவதில் ஒன்றும் இல்லை, கைடு அந்த ஆட்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் மரத்தட்டின் மேல் ஏற்றிவிடுவார்கள். பெரிய மரக்கை, அதன் நுனியில் வலை, மறுபக்கம் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். ஒரு ஆள் கழியின் மேல் நடந்து போனாலே அவர் கனத்துக்கு வலை தண்ணீருக்குள் இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, கல் ஒவ்வொன்றாக வந்து தட்டில் உட்கார, வலை மேலே எழும்பும். நம்ம ஊர்க் கிணற்று ஏற்றம் மாதிரியேதான். மீன் அதிகம் சிக்குவதில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். என் பெரியம்மா அவர்களோடு சேர்ந்து கயிறு இழுத்துவிட்டுக் கை எரிகிறது என்று ஊர் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்து பிரான்சிஸ் சர்ச். வாஸ்கோடகாமா 1524இல் கொச்சியில்தான் செத்தார், அந்தச் சர்ச்சில்தான் புதைத்தார்கள், 1539இல் எலும்பை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைக்கல் மட்டும் இருக்கிறது. மேலே கயிற்றால் இழுக்கிற பழைய துணி விசிறி தொங்கும், அதை இழுக்கிற ஆள் வெளியில் நிற்பாராம். இதெல்லாம் போனிலேயே கிடைக்கும்தான்.

போனில் கிடைக்காதது, வெளி என்கிற இடத்து மைதானத்துப் பக்கம் இருக்கிற தோபி கானா, அதாவது துணி துவைக்கிற இடம். டச்சுக்காரர்கள் தங்கள் படை உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள், இன்றைக்கும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். தனித்தனித் தொட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. கொடியில் கிளிப்பே கிடையாது, இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றுக்கு அசையாது. கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் தேய்க்கிறார்கள். நம்ம ஆள் என்று தெரிந்ததும் அங்கே இருந்த ஒரு தாத்தா "எந்த ஊரும்மா?" என்று கேட்டார் பாருங்க, கைடு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. இந்த இடத்தை எல்லாச் சுற்றுலாவிலும் சேர்ப்பதில்லை, நீங்கள் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் மட்டாஞ்சேரி பஜார் ரோடு. மண்டிக்காரர் அண்ணா, உங்களுக்கு இது ஒன்றே போதும். ஓட்டு வீட்டுக் கிடங்குகள், பின்வாசல் திறந்தால் காயல், முன்வாசலில் லாரி. அந்தக் காலத்தில் படகு பின்னால் வந்து மிளகு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கிடங்கில் மூட்டையில் குத்தூசி விட்டு மிளகை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்கள், எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது, உங்களுக்குத் தெரியும். முற்றத்தில் சுக்கு காயப்போட்டிருப்பார்கள், தெருவெல்லாம் வாசம். குஜராத்திக்காரர்கள், கொங்கணிக்காரர்கள், குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து வந்த கச்சி முஸ்லிம்கள் எல்லாருக்கும் தனித்தனித் தெரு உண்டு, கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. எந்தச் சந்தில் நுழையலாம், எந்த முற்றத்துக்குள் சொல்லாமல் போகக்கூடாது என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் அந்த ரோட்டில் சுமை ஏற்றி இறக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது சைக்கிளோடு மாட்டினால் அவ்வளவுதான். கைடு முன்னால் போய் ஆட்டோவை நிறுத்தி உங்களைத் தாண்ட வைப்பார், நாமாகப் போனால் ஹாரன் சத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

கடைக்குக் கூட்டிப்போகிற பிரச்சினை உண்மைதான். பணம் கட்டும் முன் "கடை வேண்டாம்" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்க. ஒரு கைடுக்கு எத்தனை பேர், மட்டாஞ்சேரி உண்டா, தமிழ் பேசுவாரா, இதையும் கேளுங்க. ஆறு ஏழு பேருக்கு மேல் என்றால் வேண்டாம், முன்னால் அவர் சொல்வது கடைசியில் வருகிறவருக்குக் கேட்காது.

நொய்யல் கரை, சென்னிமலை

உடுமலை அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கொச்சிக்குத் துறைமுகம் வந்ததே ஒரு வெள்ளத்தால். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த பழைய துறையை மண் மூடவைத்து, இந்தப் பக்கம் வாயைத் திறந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் பழைய துறைதான் முசிறி. நம்ம கொடுமணல் இருக்கிறதே, நொய்யல் ஓரம், அந்தக் காலத்தில் கல்லில் பாசிமணி செய்த ஊர், அது முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகிற பாதையில்தான் இருந்தது. ஆக மிளகு மூட்டையும் யவனக் காசும் நம்ம ஊர் வழியாகப் போய் வந்த பாதையில்தான் நீங்கள் இன்றைக்கு வாளையார் தாண்டி இறங்குகிறீர்கள். பொண்ணுகிட்டே சொல்லுங்க, கொடுமணல் உங்களுக்குப் பக்கத்துலதான், அதையும் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும்.

சைக்கிளில் போனால் பார்க்க முடியாதது ஒன்று இருக்கிறது, இப்போதைய துறைமுகம். 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர், கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928இல் கப்பல் உள்துறைக்குள் வர ஆரம்பித்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரில்தான் போக வேண்டும். எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ போகிறது, இருபது நிமிஷம் போல, ஏசி படகு. ஒரு பக்கம் வில்லிங்டன் தீவு, மறுபக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக் கிரேன்கள். திருப்பூர்ச் சரக்கும் அங்கே போகும், ரவிக்குத் தெரிந்திருக்கும்.

மாமனாருக்கும் அதுதான் வழி. படகுத்துறையில் மிதவைப் பலகை படகு மட்டத்துக்கே இருக்கும், படி ஏறி இறங்க வேண்டாம். நீங்கள் சைக்கிளில் கிளம்புகிற நேரத்துக்கு அவரை ஹோட்டலில் தூங்க விட்டுவிட்டு, பத்து மணிக்கு ஆட்டோவில் யூதத் தெருவுக்கு வரச் சொல்லுங்க. 1568இல் கட்டிய ஜெப ஆலயம், உள்ளே தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும். அரண்மனை பக்கத்திலேயே. அங்கே இராமாயணச் சுவர் ஓவியம் பார்க்க அவருக்குப் பிடிக்கும், மாடி ஏற மட்டும் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள்ளுங்க.

பனியன் ரவி, திருப்பூர்

எங்க சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடிங்க, கொஞ்சம்தான் கொச்சி. மற்றபடி சரியாகச் சொன்னீங்க.

வெறுங்கால் பயணி, ஆழியாறு ரோட்டு வெயிலும் அங்கே அடிக்கிற வெயிலும் ஒன்றா? நம்ம ஊர் வெயில் சுடும், அங்கே வெயில் ஒட்டும். டிசம்பரிலும் எட்டரைக்கு மேல் சட்டை முதுகோடு பிடித்துக்கொள்ளும். மேட்டில் மிதிக்கிற தெம்பு வேறு, அந்தப் புழுக்கத்தில் மிதிப்பது வேறு.

வெறுங்கால் பயணி, பொள்ளாச்சி

சரிங்க, தோபி கானா எனக்குத் தெரியாது, அடுத்த தடவை போகிறேன். ஆனாலும் இரண்டு நாள் இருக்கிறவர் ஒரு நாள் கைடோடு போய்விட்டு, மறுநாள் சாயங்காலம் கடற்கரை ஓரம் தனியாக ஒரு சுற்று சுற்றலாம், அதற்கு வாடகைச் சைக்கிளே போதும். வண்டிகளை அப்படியே ஏற்றிப் போகிற ரோ-ரோ படகில் சைக்கிளையும் ஏற்றி எதிர்க்கரையில் இருக்கிற வைப்பின் பக்கம் போய்வரலாம், அந்தச் சின்னப் பயணமே நன்றாக இருக்கும்.

மண்டிக்காரன், ஈரோடு

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பொண்ணுக்கு இதைப் படித்துக் காட்டினேன், ஜெயித்துவிட்ட மாதிரி சிரிக்குது. திங்கள், செவ்வாய் என்று மாற்றிவிட்டேன், டிசம்பர் முதல் வாரம். ஈரோட்டிலிருந்து ரயிலிலேயே போகிறோம். திங்கள் மதியம் போய்ச் சேர்ந்து வாட்டர் மெட்ரோ, செவ்வாய் விடியக்காலை கைடு. கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மிளகுக் கிடங்கு மட்டும் விடாதீங்க என்றும் சொல்லிவிட்டேன், விலை கேட்காமல் வரமாட்டேன். வீட்டுக்காரம்மாதான் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாங்க. அதற்கு ஏதாவது யோசனை உண்டா அம்மணி?

உடுமலைக்காரி, இப்போது எர்ணாகுளத்தில்

அக்காவை இப்போதே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளை வாங்கித் தெருவில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க, நாலு நாளில் வந்துவிடும். அங்கே கொடுப்பது பெரும்பாலும் உயரமான சைக்கிள், ஏறினதும் இரண்டு காலும் தரையில் படுகிற அளவுக்குச் சீட்டை இறக்கித் தரச் சொல்லி வாங்கணும், கேட்காமல் இறக்கமாட்டார்கள். சேலை வேண்டாம், சுடிதார் என்றால் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளட்டும், செயினில் மாட்டும். கைடுக்குப் பின்னால் முதல் ஆளாக அவரை விடுங்க, நீங்கள் கடைசியில் வாங்க.