'கிங் ஆஃப் தீவ்ஸ்': தாத்தாக்கள் அடித்தால் கொள்ளை இனிக்குமா?

கடைசிவரிசை:
நேற்று ராத்திரிதான் 'கிங் ஆஃப் தீவ்ஸ்' பார்த்தேன். 2018இல் வந்த படம். 2015 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை சமயம், லண்டனின் நகைக்கடைத் தெருவான ஹாட்டன் கார்டனில் லாக்கர் நிறுவனத்தின் சுவரைத் துளைத்து, சுமார் 1.4 கோடி பவுண்ட் மதிப்புள்ள நகை, தங்கம், பணத்தை அள்ளிப் போனார்களே, அந்தக் கதை. மைக்கேல் கேய்ன், டாம் கோர்ட்னி, ஜிம் பிராட்பென்ட், ரே வின்ஸ்டன் என்று ஒரு பட்டாளமே இருந்தும் எனக்கு ஏமாற்றம்தான். முதல் பாதியில் மூட்டுவலி, காது மந்தம், மாத்திரை என்று ஒரே வயசாளி ஜோக். சரி, சிரித்துவிட்டுப் போகலாம் என்று சாய்ந்து உட்கார்ந்தால், கொள்ளை முடிந்ததும் ஆளாளுக்கு உறுமுகிறார்கள். இது சிரிப்புப் படமா, சீரியஸ் படமா? இயக்குநருக்கே பிடி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பழையரீல்:
அண்ணா, நீங்கள் குறை என்று சொல்வதைத்தான் நான் படத்தின் உயிர் என்பேன். அந்த வழக்கே அப்படித்தானே நடந்தது? பிடிபட்டவர்கள் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் என்று தெரிந்ததும் ஊரே அவர்களைச் செல்லத் தாத்தாக்கள் ஆக்கிவிட்டது. ஒருவர் பஸ் ஏறி வந்து கொள்ளையடித்தார், காவலுக்கு உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார் என்று ரசித்து ரசித்துப் பேசினார்கள். அப்புறம் போலீஸ் அவர்களுடைய கார்களில் ஒளித்து வைத்திருந்த கருவியில் பதிவான பேச்சு நீதிமன்றத்தில் ஒலித்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஏச்சு. முதல் பாதி பத்திரிகை சொன்ன கதை, இரண்டாம் பாதி ஒட்டுக்கேட்புக் கருவி சொன்ன கதை. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது.

கடைசிவரிசை:
அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் இது உங்கள் மனதில் ஓடிய படம், திரையில் ஓடியது இல்லை. அவர்களின் உண்மை முகத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், கடைசியில் நீதிமன்றத்துக்குக் கிளம்ப உடை மாற்றும்போது அந்த நடிகர்களின் பழைய படத் துண்டுகளை எதற்கு ஓட்டினார்கள்? இளமையில் எவ்வளவு கம்பீரம் பாருங்கள் என்று மாலை போடுகிற வேலைதானே அது?

பழையரீல்:
அந்தத் துண்டுகளில் நான் கவிழ்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன் :) அந்த நடிகர்களைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன செய்வான்?

முத்துவேல்:
எனக்கு உங்கள் இரண்டு பேரோடும் சண்டை. துளை போட்டதைப் பற்றி யாருமே பேசவில்லையே! ஹில்டி டிடி350 என்கிற வைரமுனைத் துளைக்கருவி. அரை மீட்டர் தடிமன் கான்கிரீட் சுவர். ஒன்றையொன்று தொட்டபடி மூன்று வட்டத் துளை, நடுவில் ஓர் ஆள் நெளிந்து நுழையும் அளவுக்கு வழி. அத்தனையும் செய்து முடித்தால் அந்தப் பக்கம் லாக்கர் அலமாரி போல்ட் போட்டு நிற்கிறது. அதைத் தள்ளுவதற்குக் கொண்டுபோன ஹைட்ராலிக் கருவி உடைந்துபோகிறது. முதல் ராத்திரி வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தலைவர் என்று சொல்லப்பட்டவர் அத்தோடு விலகிக்கொள்கிறார். மற்றவர்கள் புதுக் கருவி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி மறுபடி வருகிறார்கள். ஒருமுறை தப்பித்த இடத்துக்கு யாராவது திரும்பி வருவார்களா? இதை வைத்தே ஒரு மணி நேரம் நகத்தைக் கடிக்க வைத்திருக்கலாம். படமோ பாட்டைப் போட்டு ஓட்டிவிட்டது.

இன்னொன்று. வியாழன் நள்ளிரவு தாண்டியதுமே அலாரம் அடித்துவிட்டது. போலீசுக்குத் தகவல் போனது, யாரும் வரவில்லை. பின்னால் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். காவலாளி வந்தார், வெளியிலிருந்து பார்த்தார், போய்விட்டார். இதையெல்லாம் எழுத்தாளன் கற்பனையாக எழுதினால் 'நம்புகிற மாதிரி இல்லை' என்று திட்டியிருப்போம்.

மலர்விழி:
மொத்தம் 999 பெட்டி. உடைத்தது 73. நீங்கள் எல்லாரும் துளையின் இந்தப் பக்கமே நிற்கிறீர்கள். அந்த 73 பெட்டி யாருடையது?

பெரிய பணக்காரர்களின் கறுப்புப் பணம் என்று வசதியாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தெரு, கல் வாங்கி விற்கும் சின்ன வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் பிழைக்கிற தெரு. சரக்கைக் கடையில் வைக்கப் பயந்து அங்கே வைத்தவர்கள் அவர்கள். காப்பீட்டுக்குக் கட்டப் பணமில்லாமல் லாக்கரே போதும் என்று நம்பியவர்களும் உண்டு. அதே வருடம் அந்த லாக்கர் நிறுவனமும் மூடப்பட்டது. இவர்களுக்குப் படம் கொடுத்த இடம் ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது. பெட்டியைத் திறந்து பார்த்து நிற்கிற ஒரே ஒரு ஆளின் முகத்தை இரண்டு நிமிடம் காட்டியிருந்தால் உங்கள் தாத்தா ஜோக் எல்லாம் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

பழையரீல்:
மலர்விழி, கொள்ளைப் படம் என்றாலே திருடன் பக்கம் நின்று பார்ப்பதுதானே? எல்லாப் படத்திலும் பறிகொடுத்தவருக்கு இடம் கேட்டால் அந்த வகைப் படமே மிஞ்சாது.

மலர்விழி:
கற்பனைக் கதை என்றால் நானும் உங்களோடு சேர்ந்து விசிலடிப்பேன். இது உண்மைக் கதை என்று போஸ்டர் அடித்து விற்றது. உண்மை என்று விற்றால் உண்மைக்கு உரிய கணக்கும் கேட்பேன்.

நீதிமன்றப்பூனை:
மலர்விழி பக்கம் கொஞ்சம் எடை வைக்கிறேன். பிராட்பென்ட் நடித்த டெர்ரி பெர்கின்ஸ் 1983 ஏப்ரல் 4 அன்று லண்டனில் நடந்த செக்யூரிட்டி எக்ஸ்பிரஸ் கொள்ளையில் இருந்தவர். 60 லட்சம் பவுண்ட். அங்கே ஒரு காவலாளியின் மேல் பெட்ரோல் ஊற்றி, கொளுத்திவிடுவோம் என்று மிரட்டினார்கள். அன்று பெர்கின்ஸுக்கு 35ஆவது பிறந்தநாள். ஹாட்டன் கார்டனில் இரண்டாம் முறை நுழைந்தது அவருடைய 67ஆவது பிறந்தநாள் ராத்திரி. பையில் இன்சுலின் எடுத்துப் போனார் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பெட்ரோல் யாருக்கும் நினைவில்லை.

வின்ஸ்டன் நடித்த டேனி ஜோன்ஸ் சிறையிலிருந்து, திருந்திவிட்டேன், என் பங்கைத் திருப்பித் தருகிறேன் என்றார். போலீசைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஒரு கல்லறையின் அடியில் இருந்ததைக் காட்டினார். அதே தோட்டத்தில் அதைவிடப் பெரிய பங்கை வேறொரு கல்லறையில் புதைத்திருந்தார். அதை மட்டும் சொல்லவில்லை. போலீஸ் அதை ஏற்கெனவே தோண்டி எடுத்திருந்தது!

கடைசிவரிசை:
ஐயோ, அந்தக் கல்லறைக் கதை பிரமாதம். பூனையாரே, படம் எடுத்தவர்களைவிட நீங்கள் நன்றாகக் கதை சொல்கிறீர்கள்.

முத்துவேல்:
கும்பலில் பாசில் என்று ஒரு ஆள் வருவானே, அந்த விஷயம்? அந்த இளைஞன் வருகிற காட்சியெல்லாம் எனக்கு ஒட்டவே இல்லை.

நீதிமன்றப்பூனை:
அது படத்தின் கெட்ட நேரம். படப்பிடிப்பு நடந்தபோது பாசில் யார் என்றே தெரியாது. சிசிடிவியில் சிவப்பு டோப்பா வைத்த ஓர் உருவம், அவ்வளவுதான். அதனால் சார்லி காக்ஸை வைத்து, கிழவர்களுக்கு நடுவில் புதுக்கால வித்தை தெரிந்த ஓர் இளைஞனைப் படைத்தார்கள். 2018 மார்ச்சில்தான் அந்த பாசில், அதாவது மைக்கேல் சீட், கைதானார். அடுத்த மார்ச்சில் 10 வருடத் தண்டனை. அலாரம் விஷயத்தில் கில்லாடி. ஆனால் இளைஞன் இல்லை, கொள்ளையின்போதே ஐம்பதைத் தாண்டியவர். தன் வீட்டுப் படுக்கையறையிலேயே நகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மலர்விழி:
ஆக, தெரியாத இடத்தை நமக்குப் பழகிப்போன சினிமா ஆளை வைத்து நிரப்பினார்கள். இதைத்தான் நானும் சொன்னேன்.

பழையரீல்:
சரி, பாசில் விஷயத்தில் சரணடைகிறேன். ஆனால் பெர்கின்ஸ் விஷயத்தில் இல்லை. பிராட்பென்டை நாம் சாதுவான மனிதராகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த மனிதர் கோர்ட்னியிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிற இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. பெட்ரோலை ஒரு காட்சியாக வைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அந்தக் கண்ணில் இருந்தது. மறுபடி போட்டுப் பாருங்கள் அண்ணா, சமையலறையில் பங்கு பிரிக்கிற இடத்திலிருந்து.

கடைசிவரிசை:
பார்க்கிறேன். இந்த முறை சிரிப்பு வரும் என்று எதிர்பார்க்காமல் உட்காருகிறேன். அந்தக் கடைசித் துண்டுகளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

முத்துவேல்:
ஒரு சந்தேகம். மிச்ச நகையெல்லாம் எங்கே?

நீதிமன்றப்பூனை:
பெரும்பகுதி கிடைக்கவே இல்லை. 2018 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களை மொத்தம் 2.75 கோடி பவுண்ட் கட்டச் சொன்னது, இல்லையென்றால் கூடுதலாக ஏழு வருடம் சிறை. அடுத்த வாரமே பெர்கின்ஸ் சிறையில் இறந்துபோனார். படம் வந்தது அந்த செப்டம்பரில்.

மலர்விழி:
பெட்டிக்காரர்களுக்கு எவ்வளவு திரும்ப வந்தது என்று யாராவது படம் எடுத்தால் எனக்குச் சொல்லுங்கள். முதல் நாளே டிக்கெட் வாங்குகிறேன்.