விமான விபத்து விசாரணை படிக்க எது நல்ல வழி?

வணக்கம். தங்கை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல், கடைசி வருடம். விமானத்தை வடிவமைப்பதைவிட அது ஏன் விழுந்தது என்று தேடுவதில்தான் அவளுக்கு ஆர்வம். (அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.)

இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் விபத்து விசாரணைக்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது. செலவை நினைத்தால்தான் மலைப்பு. இங்கேயே என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் உண்டு. நாடு முழுக்கப் போலீசார் விபத்து விவரம் பதியும் ஐராட் தரவுத்தளம் ஐ.ஐ.டி.யில் உருவானதுதான். சாலை விபத்து ஆய்வில் எம்.எஸ். முடித்துவிட்டு அப்புறம் விமானத்துறைக்கு மாற முடியுமா? ஓட்டுநர் சோர்வு, விமானி சோர்வு, இரண்டுக்கும் ஆய்வுமுறை கிட்டத்தட்ட ஒன்றுதானே என்கிறாள் அவள்.

2012-இல் தொடங்கிய மத்திய அரசின் விமான விபத்து விசாரணைப் பிரிவில் புதிதாகப் படித்து வருபவர்களை எடுப்பார்களா, இல்லை அனுபவம் கேட்பார்களா? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.