மறு: வாளை மடக்கும் சங்கிலிக்குத் தமிழில் என்ன சொல்? ‘தொடக்கு’ என்பது என் பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நாம் தமிழ்ப் பெயர் தேடிவரும் ஜப்பானியப் படைக்கருவிகள் பட்டியலில் வாள், ஈட்டி, வில் எல்லாம் சிக்கலின்றி முடிந்துவிட்டன. சங்கிலிக் கருவிகளுக்கு, அதிலும் முனைகளில் குண்டு மாட்டிய மன்ரிகி குசரிக்கு (குசரி ஃபுன்தோ என்றும் பெயர்) வந்ததும், ஆளுக்கொரு சொல் சொல்லி நின்றுவிட்டோம். எல்லா மடல்களையும் நேற்று இரவு திரும்பப் படித்தேன். எனக்கு ஒரு சொல் தோன்றியிருக்கிறது. அதற்கு முன், வந்த சொற்களில் எனக்கு இருக்கும் தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன்.

> குசரி என்றால் சங்கிலி. ஃபுன்தோ என்றால் எடைக்கல். ‘சங்கிலிக்குண்டு’ என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ‘சங்கிலிக் குண்டு எறிதல்’ என்று ஒரு போட்டியே இருக்கிறது. செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ஆனாலும் ‘குண்டு’ என்ற பகுதி நல்ல பகுதி, அதை விட்டுவிட வேண்டாம். ஃபுன்தோ என்பது தராசில் வைக்கும் எடைக்கல்தான். இடுப்பு ஒடுங்கிய அதன் வடிவத்தை ஜப்பானிய வரைபடங்களில் வங்கிக்குக் குறியீடாகப் போடுகிறார்கள். சங்கிலி முனையில் மாட்டும்போது அது கொத்தனாரின் தூக்குக் குண்டு செய்கிற வேலையைத்தான் செய்கிறது: கனத்தை ஒரு முனையில் குவிக்கிறது. ‘குண்டு’ என்றால் வெடிப்பது மட்டும்தான் என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். தூக்குக் குண்டு, குண்டு எறிதல் எல்லாம் வழக்கில் இருக்கும்போது அந்தக் கவலை தேவையில்லை.

> மன்ரிகி குசரி என்றால் பதினாயிரம் வலிமை கொண்ட சங்கிலி. ‘பதினாயிர வலிச் சங்கிலி’ எனலாமே?

இது பொருளை அப்படியே பெயர்ப்பது. ஜப்பானியர் அந்தப் பெயரைச் சொல்லும்போது பதினாயிரம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்க மேசையில் பொருத்தியிருக்கும் வைஸ் இருக்கிறதே, அதற்கும் இன்றைய ஜப்பானிய மொழியில் மன்ரிகி என்றுதான் பெயர். விடாமல் பிடிக்கும் வலிமை என்பதுதான் அந்தச் சொல்லில் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது, எண்ணிக்கை அல்ல.

> தற்காப்புக் கருவி என்பதால் ‘தடுப்புச் சங்கிலி’ சரியாக இருக்கும்.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சொல் கருவியின் வேலையையே தவறாகச் சொல்கிறது.

சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, விறைப்பாக இழுத்து, தலைக்கு மேல் இறங்கும் வாளை அதில் ஏந்துவதுபோல் படங்களில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் ‘தடுப்பு’ என்று தோன்றுகிறது. துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ, நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டதும் இரண்டு ஆணிகளும் அவ்வளவு அதிகமாக இழுபடும். கொஞ்சம் தொய்வாக விட்ட கொடிதான் பாரத்தைத் தாங்கும். சங்கிலிக்கும் அதேதான். விறைப்பாகப் பிடித்தால் வெட்டின் விசை பல மடங்காகி இரு கைகளையும் பிடுங்கும். தொய்வாகப் பிடித்தாலோ நடுப்பகுதி உள்ளே வளைய, வாளின் கூர்மை முகத்துக்கு இன்னும் அருகில் வரும். ஆகவே நின்ற இடத்திலேயே தடுப்பதற்கு இது ஏற்ற கருவி இல்லை. வெட்டு வரும் கோட்டிலிருந்து உடம்பை விலக்க வேண்டும், வாளைப் பிடித்த கையையோ முகத்தையோ குண்டால் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வாளிலோ மணிக்கட்டிலோ சங்கிலியைச் சுற்றி இழுக்க வேண்டும்.

இந்தச் சுற்றுதல்தான் கருவியின் உயிர். தடி வாளில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். சங்கிலி நிற்காது. பட்ட இடத்தில் மடங்கி, அதற்கு அப்பால் இருக்கும் பகுதி குண்டின் வேகத்தோடு வாளைச் சுற்றும். சுற்றச் சுற்ற மிச்ச நீளம் குறையும், குறையக் குறைய வளையவரும் வேகம் கூடும். கண் இமைப்பதற்குள் இரண்டு மூன்று சுற்று விழுந்துவிடும்.

சொல் வைப்பதற்கு முன் செய்து பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் தங்கை மகனிடம் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்து நிற்கச் சொன்னேன். நான் ஆறடி நைலான் கயிற்றின் முனையில் ஒரு சிறிய மணல் பையைக் கட்டிக்கொண்டேன். கம்பின் நுனிப் பக்கம் பட்டபோதெல்லாம் கயிறு வழுக்கிப் போய்விட்டது. அவன் கைக்கு நான்கு விரல் மேலே பட்டபோது சுற்றிக்கொண்டு அப்படியே பிடித்தது. அவன் உருவப் பார்த்தான், முடியவில்லை. ஆனால் என்னாலும் கயிற்றை விடுவிக்க முடியவில்லை. இரண்டு பேரும் கட்டுண்டு நின்றோம். தவறிய ஒரு வீச்சில் பை திரும்பி வந்து என் முழங்காலில் நன்றாக அடித்தது. உண்மையான இரும்புக் குண்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. யாரும் இதை இரும்பு வைத்துச் செய்து பார்க்க வேண்டாம்.

கயிறே போதுமென்றால் சங்கிலி எதற்கு என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்வி. கயிறு என்றால் கதானா என்னும் ஜப்பானிய வாள் அறுத்துவிடும். கதானாவின் வெட்டு விளிம்பு மிகக் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் இருக்கும்படி பதப்படுத்துவார்கள். அந்தக் கடின விளிம்பு இரும்பு வளையத்தில் மோதினால் சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். வாளைப் போற்றுகிற ஒருவருக்கு அதை இரும்புச் சங்கிலியில் மோதவிட மனம் வராது. கருவிக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் இதுவும் ஒரு பங்கு.

இனி வரலாற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் சொல்லைத் தேர்வதில் அது உதவுகிறது. மன்ரிகி குசரியை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர் மசாகி தோஷிமித்சு. 18ஆம் நூற்றாண்டில் மினோ நாட்டின் ஓகாகி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த போர்வீரர். இன்று அந்த ஊர் கிஃபு மாகாணத்தில் இருக்கிறது. எதோ என்ற நகரத்தின் (இன்றைய தோக்கியோ) கோட்டை வாயிலைக் காவல் காக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அத்துமீறி நுழைபவனை வாளால் வெட்டினால் அந்த வாயிலில் இரத்தம் சிந்தும், அது வாயிலை மாசுபடுத்தும். அதனால் இரத்தமின்றி ஆளை மடக்க ஒரு கருவி வேண்டும் என்று யோசித்து, குட்டையான சங்கிலியின் இரு முனைகளிலும் குண்டுகளைப் பொருத்தினார் என்பது அவர் மரபில் வழங்கும் செய்தி. சுமார் மூன்றடி நீளம், சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். மறைத்து வைத்திருப்பதும் எளிது. ‘எதோ காலம்’ எனப்படும் அந்த ஆட்சிக் காலத்துக் காவலர்களுக்கும் இதே தேவை இருந்தது. வாள் ஏந்தியவனை உயிரோடு பிடிக்க வேண்டும். அதற்காகவே கொக்கி வைத்த ஜுத்தே என்ற இரும்புத் தடியையும் நீண்ட கவைக் கம்புகளையும் வைத்திருந்தார்கள்.

ஆக, வெட்டுவது, குத்துவது, தடுப்பது எதுவும் இதன் முதல் வேலை இல்லை. பிடித்துக் கட்டுவதுதான் முதல் வேலை. அந்த வினையைச் சொல்லும் தமிழ்ச் சொல்தான் நமக்கு வேண்டும்.

‘தளை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் தளை என்பது கட்டுண்ட பிறகு இருக்கும் நிலை. பறந்து போய்ச் சுற்றும் அந்த நொடி அதில் இல்லை. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு வெண்டளையும் ஆசிரியத்தளையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘தொடர்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சங்கிலிக்குச் சங்க காலச் சொல் அதுதான், மறுப்பே இல்லை. புறநானூற்றில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்றால் சங்கிலியால் கட்டப்பட்ட நாய். ஆனால் இன்று ‘ஜப்பானியத் தொடர்’ என்று எழுதினால் தொலைக்காட்சியில் வருவது என்றுதான் படிப்பார்கள். ‘வாள்மடக்கி’ எளிமையாக இருக்கிறது. ஆனால் வாளை மட்டுமா மடக்குகிறது? கை, கால், கழுத்து எல்லாவற்றையும் சுற்றும். பெயரில் வாளைப் பூட்டிவிட்டால் மற்றவை வெளியே நிற்கும்.

என் பரிந்துரை ‘தொடக்கு’.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. கல் உமிழும் கவண், காய்ச்சிய எண்ணெய், ஐயவித் துலாம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘தூண்டிலும் தொடக்கும் ஆண்டலை யடுப்பும்’ என்று ஒரு வரி. தொடக்கு என்பதற்குப் பழைய உரை, பகைவர் கழுத்தில் பூட்டும் சங்கிலி என்று பொருள் சொல்கிறது. இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சங்கிலியால் ஆளைப் பிணிக்கும் ஒரு போர்க்கருவிக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது, நாம்தான் எடுத்துப் புழங்காமல் விட்டுவிட்டோம். மதுரை மதிலில் இருந்ததும் ஜப்பானியக் கருவியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று மதில்மேல் இருந்து இயக்கும் பொறி, மற்றது கையில் அடங்கும் கருவி. வினை ஒன்று, அவ்வளவுதான். அகராதிகளிலும் தொடக்குதல் என்றால் கட்டுதல், பிணித்தல், அகப்படுத்தல் என்று இருக்கிறது. ஜப்பானிய மரபுகளில் வாளைச் சுற்றிப் பிணிக்கும் செயலைக் ‘கரமி’ என்பார்கள். அதற்கும் இதே சொல் நேராகப் பொருந்தும். கருவியும் தொடக்கு, செயலும் தொடக்கு. மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் கட்டுண்டு நின்றதையும் ‘தொடக்குண்டு நின்றோம்’ என்றே சொல்லலாம்.

இந்த வேரிலிருந்து குடும்பம் முழுவதற்கும் பெயர் வருகிறது. மன்ரிகி குசரிக்கு ‘இருகுண்டுத் தொடக்கு’. நீளத் தடியின் முனையில் சங்கிலியும் குண்டும் தொங்கும் சிகிரிகிக்கு ‘தொடக்குத்தடி’. அரிவாளோடு சங்கிலியைச் சேர்த்த குசரிகமாவுக்கு ‘தொடக்கரிவாள்’. இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் அரிவாளுக்குக் கமா என்று பெயர். தனியாக வரும்போது அதன் முதல் எழுத்து நம் ‘கடல்’ என்பதில் வரும் க. குசரியோடு சேர்ந்ததும் அது ‘தங்கம்’ என்பதில் வரும் க போல மெலிந்து குசரிகமா ஆகிறது. அவர்கள் மொழியிலும் புணர்ச்சி இருக்கிறது. நம் பக்கம் தொடக்கு + அரிவாள் என்னும்போது குற்றியலுகரம் கெட்டுத் தொடக்கரிவாள் ஆகிறது. இரண்டு மொழிகளிலும் சொற்கள் தத்தம் இயல்புப்படியே ஒட்டிக்கொள்கின்றன.

குசரிகமாவைப் பற்றிப் பேசும்போது மியாமோதோ முசாஷியின் கதையையும் யாரோ கேட்டிருந்தார்கள். 1645இல் இறந்த அந்த வாள்வீரர், இகா நாட்டில் ஷிஷிதோ என்ற குசரிகமா வல்லுநரோடு மோதியதாக அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்துத் தொகுக்கப்பட்ட குறிப்பில் இருக்கிறது. ஷிஷிதோ சங்கிலியை எடுத்தபோது முசாஷி குறுவாளை உருவி எறிந்து அவர் மார்பில் பாய்ச்சினாராம். அவ்வளவு பிந்திய குறிப்பை வரலாறு என்று பட்டியலில் எழுத வேண்டாம், ‘என்று சொல்லப்படுகிறது’ என்றே எழுதுவோம். ஆனால் சங்கிலியின் பலவீனத்தை அந்தக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது. சுழற்றி வீச இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். எதிராளியிடம் இரண்டாவது வாள் இருந்தால் ஒன்றைத் தொடக்கிப் பயனில்லை.

இப்போது ‘தொடக்கு’ மீது வரக்கூடிய எதிர்ப்புகள். தொடக்கம் என்ற சொல்லோடு குழம்பும் என்பது ஒன்று. ‘தொடக்கை வீசினான்’ என்ற வாக்கியத்தில் எனக்குக் குழப்பம் தெரியவில்லை. ‘தொடக்கில்’ என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுக்கும். அங்கே ‘தொடக்குச் சங்கிலியில்’ என்று விரித்து எழுதிவிடலாம்.

இன்னொன்று கனமானது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குத் ‘துடக்கு’ என்றால் தீட்டு. சாவு வீட்டுத் துடக்கு, பிள்ளை பிறந்த துடக்கு. ‘தொடக்கு’ என்றே எழுதுகிறவர்களும் உண்டு. அன்றாடம் புழங்குகிற சொல்லாயிற்றே, அதை ஒரு கருவிக்கு வைத்தால் காதுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: தீட்டு என்ற பொருளும் கட்டு என்ற பொருளிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. துடக்குக் காலத்தில் கோயிலுக்குப் போகாமல் ஒருவர் கட்டுண்டு இருக்கிறார் அல்லவா? மசாகியின் கதையிலும் வாயிலுக்கு இரத்தத் தீட்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் கருவியே பிறக்கிறது. ஆனால் இது என் விளக்கம்தான், வழக்கு அவர்களுடையது. ஈழத்து உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேராவது, படிக்கும்போது சங்கடமாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதினால், அதன்படி செய்வோம். சங்கடம் என்றால் ‘பிணிசங்கிலி’ என்பதை மாற்றாக வைத்திருக்கிறேன். குசரிகமா அப்போது ‘பிணியரிவாள்’ ஆகும். நோய் என்ற பொருள் குறுக்கே வருவதால் எனக்கு அது இரண்டாம் தேர்வுதான்.

அப்புறம், ‘அரிவாள்’ என்ற பகுதியிலும் ஒரு சந்தேகம். கமா என்பது கதிர் அறுக்கும், புல் அறுக்கும் சின்னக் கருவி. அலகு கைப்பிடிக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். தென்மாவட்டத்தில் அரிவாள் என்றாலே வீச்சரிவாள்தான் கண்ணில் வரும். ‘தொடக்குக் கதிரரிவாள்’ என்று நீட்டினால் நாக்கு தடுக்குகிறது. வயல் வேலை தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் புல் அறுக்கும் கருவிக்கு என்ன பெயர், அலகு எப்படி வளைந்திருக்கும் என்று எழுதுங்கள். இரண்டசைச் சொல்லாக ஏதாவது கிடைத்தால் அரிவாளை மாற்றிவிடலாம். பட்டியலில் இப்போதைக்கு ‘தொடக்கரிவாள்’ என்று போட்டு, பக்கத்தில் ‘முடிவாகவில்லை’ என்று குறித்திருக்கிறேன்.

அன்புடன்.