பி.பி. மெஷின் வாங்கணும்: மேல்கையா, மணிக்கட்டா?

கேள்வி:
அம்மாவுக்கு 64 வயது. தினமும் வீட்டிலேயே பி.பி. பார்த்துக் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மணிக்கட்டில் கட்டுவது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் மேல்கையில் கட்டுவதைத்தான் நம்பலாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்? புளூடூத் அவசியமா? அம்மாவுக்குக் கை கொஞ்சம் பருமன்.

பதில் 1:
மேல்கை மெஷினே வாங்குங்கள். மணிக்கட்டு மெஷினை அளக்கும்போது சரியாக நெஞ்சு மட்டத்தில் பிடிக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். மேல்கையில் எந்த கஃப்பும் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) பொருந்தாதவர்களுக்கு மட்டும் அது சரி.

கை பருமன் என்று கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள், முதலில் கவனிக்க வேண்டியதே அதுதான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், இறுக்க வேண்டாம். பெட்டியோடு பெரும்பாலும் 22–32 செ.மீ. கஃப்தான் வரும். அம்மாவுக்கு 35 செ.மீ. இருந்தால் அது சின்னது. சின்ன கஃப் பி.பி.யை ஏற்றிக் காட்டும், அதை நம்பி மாத்திரையின் அளவும் கூடிவிடும். 22–42 கஃப் உள்ள மாடலையோ, அதே கம்பெனியின் பெரிய கஃப்பையோ கேளுங்கள். வேறு கம்பெனி கஃப்பை மாட்டக் கூடாது. முனை பொருந்தினாலும் கணக்கு தப்பும்.

புளூடூத் இல்லாவிட்டால் நஷ்டமில்லை. நினைவகம் இருந்தால் போதும். வீட்டில் இன்னொருவரும் பார்ப்பார் என்றால் இருவர் கணக்கைத் தனித்தனியாக வைக்கும் மாடல் நல்லது, இல்லாவிட்டால் அப்பாவின் அளவும் அம்மாவின் சராசரியில் கலந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. விற்பனை அனுமதி வேறு, துல்லியச் சோதனை வேறு. ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி குறைந்தது 85 பேரிடம் ஒப்பிட்டுத் தேறிய மாடலா என்று பாருங்கள். ஸ்ட்ரைட் பி.பி. இணையதளத்தில் அப்படித் தேறியவற்றின் பட்டியல் இருக்கிறது. கம்பெனி பெயரை மட்டும் பார்க்காமல் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கஃப் இல்லாமல் விரலிலோ கடிகாரத்திலோ அளப்பவை சிகிச்சை முடிவுக்கு உதவாது.

அம்மாவுக்கு நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கும் பிரச்சினை உண்டென்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். இந்த மெஷின்கள் துடிப்பின் அதிர்வை வைத்துக் கணக்கிடுபவை. துடிப்பு ஒழுங்கில்லாதபோது அளவுக்கு அளவு மாறும், மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. அளந்தேன், 34 செ.மீ. பெரிய கஃப்பே வாங்குகிறேன். அடுத்தடுத்து எடுத்தால் முதல் அளவு கூடவும் அடுத்தது குறைவாகவும் வருமாமே, எதைக் குறிப்பது?

பதில் 1:
இரண்டையும் குறியுங்கள். முதல் அளவு கூடுவது இயல்புதான். 1 நிமிடம் விட்டு இரண்டாவதை எடுங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய 7 நாள் காலையிலும் மாலையிலும் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காட்டுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு எடுப்பது முக்கியம். வீட்டு அளவில் சராசரி 135/85-ஐத் தொட்டாலே கூடுதல் என்று கொள்வார்கள்.

உட்காரும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கையை மேசையில் வைத்தால் கஃப் நெஞ்சு மட்டத்தில் நிற்கும். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிடுவதே மேல். காற்று ஏறும்போது பேசக் கூடாது, "எவ்வளவு வருது?" என்றுகூட.

பதில் 3:
வாங்கியதும் இரண்டு கையிலும் பாருங்கள், எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் மெஷினையும் கொண்டுபோய், அவர் மெஷினோடு ஒரே கையில் மாற்றி மாற்றி அளந்து ஒப்பிடுங்கள். 5-க்குள் வித்தியாசம் என்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் முதலில் கஃப்பைச் சந்தேகப்படுங்கள், அதுவும் சரி என்றால் மெஷினை மாற்றுங்கள்.

காற்று ஏறி நிற்காமல் பிழை காட்டினால், மெஷினில் குழாய் செருகும் இடத்தையும் குழாய் மடியும் இடத்தையும் பாருங்கள். விரிசல் விழுவது அங்கேதான். அதனால் குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.