எம்.ஆர்.ஐ.க்குள் இதயக் கதீட்டர்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கடல்சிப்பி:
மகளுக்கு ஒன்பது வயது. ஃபோன்டான் (உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை) ஆகிவிட்டது, இது நாலாவது கேத், அதாவது ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது. முன்பு மூன்றும் எக்ஸ்ரேயில். இன்னும் எத்தனை முறை வருமோ, கதிர்வீச்சைக் குறைக்கலாம் என்று இந்தத் தடவை எம்.ஆர்.ஐ.யில் வைத்தே தொடங்கினார்கள். நான் வராந்தாவில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் படுத்திருந்த மேசை, குழாய்கள், மயக்க மருத்துவர் எல்லாருமாக எதிர் அறைக்குப் போனார்கள். அது எக்ஸ்ரே அறை. யாரும் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. எனக்குத்தான் கால் மரத்துவிட்டது. இடது நுரையீரல் ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் நுனியில் இருக்கும் பலூன் திரும்பவில்லை, அதை வழிநடத்த உலோக ஒயர் வேண்டியிருந்தது, அந்த ஒயரைக் காந்தத்துக்குள் வைக்கக் கூடாது என்று அப்புறம் சொன்னார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கதவுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாதியில் மாற்றினால் இந்த முறை சரிவரவில்லை என்றுதானே அர்த்தம்?

இரவுப்பணி:
இல்லை அம்மா. மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்துதான் இரண்டு அறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். 2003-ல் லண்டன் குழு லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியபோதே பெரும்பாலானவர்களுக்கு எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே இரண்டையும் சேர்த்துத்தான் செய்திருந்தார்கள்.

நான் அந்த அறையில் நர்ஸ். எங்களுக்கு முதலில் பழக்கியதே நோயாளியை வெளியே எடுப்பதைத்தான். பொம்மையைப் படுக்கவைத்து, கடிகாரம் பார்த்து, திரும்பத் திரும்ப. ஷாக் கொடுக்கும் மெஷின் உள்ளே வரக் கூடாது. காந்தமோ இரவு பகல் அணையாது. ஒருநாள் கதீட்டர் வலது கீழறையைத் தொட்டதும் துடிப்பு தறிகெட்டு ஓடியது. காந்தத்துக்குள் இ.சி.ஜி. கோணலாகத்தான் வரும், அதனால் திரையில் ஓடும் ரத்த அழுத்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சரிந்தது. டாக்டர் கதீட்டரைப் பின்னால் இழுத்தார். சில நொடிதான், கோடு மறுபடி எழுந்தது. என் கை மேசையின் பூட்டை விடவே இல்லை. கேஸ் முடிந்து கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் பூட்டின் அச்சு பதிந்திருந்தது.

மூச்சுக்காற்று:
எனக்கு நுரையீரல் ரத்த அழுத்தம். மயக்கம் கொடுக்கவில்லை, கழுத்து வழியாகப் போட்டார்கள். அந்தத் தடதட சத்தம் தெரியும்தானே? அதற்கு நடுவே ஹெட்செட்டில் டாக்டர் குரல்: "மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்க." நிறுத்தினேன். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறி விழுந்த மாதிரி இருந்தது. அதே நொடியில், "அது நான்தான், பயப்படாதீங்க" என்றார். என் இதயத்துக்குள்ளிருந்து ஒருவர் பேசுவது போல இருந்தது. இப்போதும் படபடப்பு வந்தால் அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது.

எனக்கு இதில் கிடைத்த பலன் கதிர்வீச்சு குறைந்தது மட்டுமல்ல. நுரையீரல் குழாயின் எதிர்ப்பைக் கணக்கிட அழுத்தமும் வேண்டும், ரத்த ஓட்டமும் வேண்டும். முந்தைய கேத்தில் நான் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறேன் என்பதை அட்டவணை பார்த்து எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்குப் போட்டிருந்தார்கள். இந்த முறை கதீட்டர் அழுத்தத்தைச் சொன்னது, ஸ்கேன் ஓட்டத்தை நேராகவே அளந்தது. எண் மாறியது, மாத்திரையும் மாறியது.

மழலையின் அப்பா:
எல்லாரும் சேர்ந்து எக்ஸ்ரேயை வில்லனாக்காதீர்கள். என் பையனின் இதய ஓட்டையை எக்ஸ்ரேயும் எக்கோவும் வைத்துத்தான் அடைத்தார்கள். குடை விரிவது போல அடைப்பானின் இரண்டு தட்டும் திரையில் விரிந்ததைப் பிறகு காட்டினார்கள், அன்றைக்குத்தான் தூங்கினேன்.

கடல்சிப்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த முறையும் காந்தத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அழுத்தம், ஓட்டம் பார்ப்பதற்கு அது நல்லது. ஸ்டென்ட் வைப்பது, காயில் என்ற சுருள் கம்பி போட்டு ரத்தக் குழாயை அடைப்பது என்றால் பெரும்பாலும் எக்ஸ்ரேதான். முன்பு உள்ளே வைத்த காயில், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் எது இருந்தாலும் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், "டாக்டருக்குத் தெரியும்" என்று விட்டுவிடாதீர்கள். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கடோலினியம் மருந்து போடுவார்களா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடுமா என்பதும் முக்கியம். எந்தக் கட்டத்தில் அறை மாறுவீர்கள், மாறினால் வெளியே இருக்கும் எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காந்தஅறை:
மழலையின் அப்பா, "பெரும்பாலும் எக்ஸ்ரேதான்" என்பது சரி. ஆனால் அது இப்படியே நின்றுவிடும் என்று எழுதாதீர்கள். சிக்கல் ஒயரில்தான். 1.5 டெஸ்லா காந்த வலிமையில் ஸ்கேனர் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பும், நீளமான உலோக ஒயர் அதற்கு ஏரியல் மாதிரி. ஜெல்லுக்குள் ஒயரைப் போட்டு, நுனியில் வெப்பமானி வைத்து நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒயரை ஒரு சாண் உள்ளே தள்ளியதும் எண் ஏற ஆரம்பித்தது. நுனி இருக்கும் இடத்தில் ஒரு குழந்தையின் இதயச் சுவர் இருந்தால் என்று நினைத்ததும் நிறுத்தும் பட்டனைத் தட்டிவிட்டேன். 0.55 டெஸ்லா மெஷினில் இந்தச் சூடு வெகுவாகக் குறைகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019-லேயே அதில் சாதாரண உலோக ஒயரை வைத்துக் கேத் செய்து காட்டினார்கள். கடல்சிப்பி, அன்றைக்கு உங்கள் மகளை அறை மாற்றியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

கடல்சிப்பி:
இரவுப்பணி, காந்தஅறை, இரண்டு பேருக்கும் நன்றி. முன்பே ஒருவர் வந்து சொல்லியிருந்தால் போதும், நின்றிருப்பேன். கேத் படம் பதிந்த சி.டி. வட்டு வாங்கிவந்தோம். சாம்பல் நிற இதயத்துக்குள் பலூன் வெள்ளைப் புள்ளியாகத் துடிப்போடு துள்ளிக்கொண்டு போகிறது. திடீரென்று இல்லை. "அம்மா, அது எங்க போச்சு?" என்று மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காந்தஅறை:
எங்கும் போகவில்லை என்று சொல்லுங்கள். நாங்கள் படம் எடுப்பது இதயத்தின் ஒரு மெல்லிய துண்டை மட்டும். புள்ளி அந்தத் துண்டைத் தாண்டிவிட்டால் மறைந்துவிடும். உடனே துண்டை நகர்த்தித் தேடுவோம். இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், திரும்ப வரும்.