புதுப்பிப்பு: நடுகல் தளத்துக்கு ஹ்யூகோவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார நடுகற்களின் படங்களையும் குறிப்புகளையும் தொகுக்கும் நிலையான (முன்கூட்டியே ஆக்கிவைத்த பக்கங்கள் கொண்ட) இணையதளத்துக்கு, அப்பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருள்களில் ஜெக்கிலா, ஹ்யூகோவா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஹ்யூகோவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஜெக்கிலுக்கு ரூபி என்ற நிரல்மொழியும் அதன் துணைத் தொகுப்புகளும் தேவை. ஹ்யூகோ ஒரே கோப்பாக இயங்குவதால், அரூரில் இருக்கும் நண்பரின் பழைய மடிக்கணினியிலும் நகலெடுத்து வைத்தவுடன் வேலை செய்தது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஒரு சிக்கல் வந்தது. ‘தகடூர்’ என்று கோப்புக்குப் பெயரிட்டு, பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால், யூனிகோடில் ஆறு குறியீடுகளாலான அச்சொல், குறியீட்டுக்கு மூன்று பைட், பைட்டுக்குச் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்து வீதம் 54 எழுத்துகளாக நீண்டுவிடுகிறது. பக்கத்தின் தொடக்கக் குறிப்பில் ‘ஸ்லக்’ என்ற இடத்தில் ரோமன் எழுத்தில் பெயர் கொடுத்ததும் முகவரி சுருங்கியது. தலைப்பு தமிழிலேயே நிற்கிறது.